ஐம்பது குதிரைகளின் அடக்கம்

சாதாரண நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு நைட்ரஸ் ஆக்சைடு ஊட்டி, ஐம்பது குதிரைத்திறனைக் கூட்டி, பத்துப் பன்னிரண்டு விநாடி கழித்து ஒரு கீறலும் இல்லாமல் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுவது, இயந்திர வேலைகளில் நான் பெரிதும் மதிக்கும் ஒன்று. வெண்புகையும் உறுமலுமாகச் சினிமாவில் பார்த்துப் பழகிய சங்கதிதான். கிட்டப் போய்ப் பார்த்தால் அந்த ஆர்ப்பாட்டத்துக்கு அடியில் இருப்பதெல்லாம் கணக்கு. மில்லிமீட்டரில் போட்ட கணக்கு, விநாடியின் சின்னஞ்சிறு துணுக்குகளில் போட்ட கணக்கு. அந்தக் கணக்கின் அழகைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஓர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 1996 முதல் 2000 வரை அமெரிக்காவில் விற்ற ஹோண்டா சிவிக் இ.எக்ஸ். காரில் வந்த டி16ஒய்8. கொள்ளளவு 1,590 சி.சி. சிலிண்டரின் விட்டம் 75 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. கம்ப்ரஷன் 9.6-க்கு 1. 6,600 ஆர்.பி.எம்.மில் 127 குதிரைத்திறன். அலுவலகத்துக்குப் போய்வரவும், குழந்தைகளைப் பள்ளியில் விடவும், பெட்ரோலை மிச்சம் பிடிக்கவும் செய்த இன்ஜின் அது. உள்ளே இருப்பவை வார்ப்பு பிஸ்டன்கள். அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன்களின் முரட்டுத்தனம் அவற்றுக்குக் கிடையாது.

1990-களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் இந்த மாதிரிக் கார்களைத்தான் பாம்டேல் போன்ற ஊர்களின் கால் மைல் பந்தயத் தளங்களுக்கு ஓட்டி வந்தார்கள். பக்கத்து ஓடுதளத்தில் எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார்கள் நிற்கும். டர்போ போட வேண்டுமென்றால் குழாய், எக்ஸாஸ்ட், கம்ப்யூட்டர் என்று பாதிக் காரை மாற்ற வேண்டும். நைட்ரஸ் கிட் அதைவிட வெகு மலிவு; வார இறுதியில் வீட்டு முற்றத்திலேயே பொருத்திவிடலாம். அதனால் பரவியது. கையேட்டைப் படிக்காமல் பொருத்தியவர்கள் இன்ஜினை உடைத்துக்கொண்டதால் கெட்ட பெயரும் கூடவே பரவியது. இந்தத் துறையில் பெயர்பெற்ற என்.ஓ.எஸ். நிறுவனம் 1978-இல் கலிஃபோர்னியாவில்தான் தொடங்கியது. உள்ளே எதையும் மாற்றாத நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு 40 முதல் 60 குதிரைத்திறன் வரைதான் கூட்டலாம் என்பது அவர்கள் வைத்த எல்லை. நாம் நடுவில் உள்ள 50-ஐ எடுத்துக்கொள்வோம்.

முதலில் வாயு. நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைச் சுமந்துவருவது மட்டுமே அதன் வேலை. ஜோசப் பிரீஸ்ட்லி 1772-இல் கண்டறிந்த வாயு இது. ஹம்ப்ரி டேவி 1799-இல் பிரிஸ்டலில் தன் மீதே சோதித்துப் பார்த்தார். 1844-இல் ஹோரஸ் வெல்ஸ் அதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஜி.எம்.-1 என்ற பெயரில் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போன்ற விமானங்களில் ஊட்டினார்கள். காற்று மெலிந்துபோகும் உயரத்தில் இன்ஜின் மூச்சுத் திணறாமல் இருக்க. அந்தப் பயனைத்தான் தரையில் ஓடும் சிவிக்கும் பெறுகிறது.

காற்றில் எடைக்கணக்கில் நூற்றுக்கு 23 பங்கு ஆக்சிஜன். நைட்ரஸில் 36 பங்கு. சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மூலக்கூறு பிரிந்து ஆக்சிஜனை விடுவிக்கும். குழாயிலும் மேனிஃபோல்டிலும் சாதுவாக வரும் வாயு, அழுத்தமும் தீப்பொறியும் சேரும் சிலிண்டருக்குள் நுழைந்த பிறகுதான் தன் குணத்தைக் காட்டுகிறது. இதில் என்னை மயக்குவது அதோடு ஒட்டிக்கொண்டு வரும் நைட்ரஜன். அது எரிவதில் பங்கு கொள்வதில்லை; எரியும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. வெறும் ஆக்சிஜனை இதே அளவுக்கு ஊட்டினால் பிஸ்டன் தாங்காது. நைட்ரஸில் மருந்தும் அனுபானமும் ஒரே மூலக்கூறில் சேர்ந்தே கிடைக்கின்றன.

இன்னொரு கொடையும் உண்டு. பாட்டிலுக்குள் திரவமாக இருக்கும் நைட்ரஸ், சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிக்கும் வெப்பநிலை மைனஸ் 88.5 டிகிரி. இன்ஜினுக்குப் போகும் காற்றில் அதைத் தெளிக்கும் நாசிலை விட்டு வெளியே வந்ததும் குபீரென்று ஆவியாகி, சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்ந்த காற்று அடர்ந்த காற்று. அதே இடத்தில் கூடுதல் ஆக்சிஜன் அடங்கும். குளிர்ந்த கலவை, காலம் தவறித் தானாகத் தீப்பிடிப்பதையும் ஓரளவு தடுக்கும்.

இனி பாட்டில். சிவிக்கின் டிக்கியில் படுத்திருக்கும் பத்து பவுண்டு பாட்டில், அதாவது நான்கரை கிலோ திரவம். அலுமினியத்தால் ஆனது. அதைப் பொருத்தும் விதத்திலேயே ஓர் அழகு உண்டு. வால்வு காரின் முன்பக்கம் பார்க்க வேண்டும். வால்வு உள்ள முனை சற்றே உயர்ந்திருக்க வேண்டும். லேபிள் மேலே தெரிய வேண்டும். காரணம் உள்ளே இருக்கிறது. வால்விலிருந்து ஓர் உறிஞ்சுகுழாய் பாட்டிலின் அடிப்பாகம் வரை போய், அங்கே கீழ்நோக்கி வளைந்திருக்கும். லேபிள் மேலே இருந்தால் அந்த வளைவு கீழே இருக்கும். கார் சீறிப் பாயும்போது திரவம் பின்னால் ஒதுங்கும். ஒதுங்கும் இடத்தில் குழாயின் வாய் காத்திருக்கும். பாட்டிலைத் திருப்பிப் போட்டால், வேகம் எடுக்கும் அந்தக் கணத்தில் குழாய் திரவத்துக்குப் பதில் ஆவியை இழுக்கும். சக்தி விட்டுவிட்டு வரும்.

பாட்டிலின் பிரஷர் கேஜ் ஒரு விசித்திரமான கருவி. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அது சொல்லாது. உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது சூடு. 20 டிகிரியில் சுமார் 735 பி.எஸ்.ஐ.; 30 டிகிரியில் சுமார் 915. முழு பாட்டிலானாலும் கால் பாட்டிலானாலும் எண் அதுதான். மிச்சத்தை அறிய வேண்டுமென்றால் தராசில் வைத்து நிறுக்க வேண்டும். 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸில் திரவம், ஆவி என்ற வேறுபாடே மறைந்துவிடும். கோடை வெயிலில் வாழும் நமக்கு இந்த எண் உடனே உறைக்கும். பாலைவன ஓரத்தில் உள்ள பாம்டேலிலும் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி இந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும்.

900 முதல் 950 பி.எஸ்.ஐ. வரை வைத்துக்கொள் என்பது நைட்ரஸ்காரர்களின் பாடம். ஜெட்டுகளின் அளவையெல்லாம் அந்த அழுத்தத்தை வைத்தே கணக்கிட்டிருக்கிறார்கள். பாட்டில் குளிர்ந்தால் நைட்ரஸ் குறைவாக வரும், பெட்ரோல் மட்டும் அதே அளவில் வரும். கலவை ரிச்சாகும், சக்தி குறையும், ஆபத்தில்லை. பாட்டில் சூடேறினால் நைட்ரஸ் அதிகம், பெட்ரோல் அதே அளவு. கலவை லீன் ஆகும், பிஸ்டன் வேகும். இங்கே இயற்கை நமக்குச் சாதகமாக நிற்பதைப் பாருங்கள். நைட்ரஸ் வெளியேற வெளியேற உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகித்தான் காலி இடத்தை நிரப்ப வேண்டும். அதனால் பாட்டில் தானே குளிர்கிறது. ஓட்டம் நீள நீளக் கலவை சாய்வது பாதுகாப்பான பக்கம்தான். குளிர்காலத்தில் பாட்டிலைச் சூடாக்க அதற்கென்றே மின் ஹீட்டர் போர்வை உண்டு. குறித்த அழுத்தம் வந்ததும் நின்றுவிடும். தீயைக் காட்டிச் சூடாக்கியவர்களின் பாட்டில்கள் வெடித்திருக்கின்றன. வால்வில் இருக்கும் மெல்லிய பாதுகாப்புத் தகடு அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து வழிவிடும். அந்த வழியை ஒரு குழாய் மூலம் காருக்கு வெளியே கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நொடிப்பொழுதில் கார் முழுக்க நைட்ரஸ் நிறைந்து, உள்ளே இருப்பவருக்கு மூச்சுவிட ஆக்சிஜன் இருக்காது.

அடுத்தது ஜெட். உள்ளங்கையில் வைத்தால் காணாமல் போகும் அளவுக்குச் சின்னப் பித்தளைத் துண்டு. முகத்தில் ஓர் எண், நடுவில் ஒரு துளை. எண் 35 என்றால் துளையின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 35 பங்கு; ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, 0.89 மி.மீ. டிக்கியிலிருந்து ஓடிவரும் பெரிய குழாய், பாட்டிலின் பெரிய வால்வு, மின்சாரத்தால் திறக்கும் சோலனாய்டு வால்வு எல்லாவற்றையும் தாண்டி வரும் நைட்ரஸுக்கு இறுதி வார்த்தை சொல்வது இந்தத் துளை. ஐம்பதா, எழுபத்தைந்தா, நூறா என்பதை வண்டியில் வேறு எதுவும் முடிவு செய்வதில்லை.

இதை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். துளையின் விளிம்பு பிசிறில்லாமல், உள்ளே போகும் வழி சீராகச் சரிந்திருக்கும். ஓர் ஊசியை விட்டுக் குத்திச் சுத்தம் செய்தால் போயிற்று. விளிம்பில் விழும் கீறல் ஓட்டத்தை மாற்றிவிடும். எண்களுக்கிடையே உள்ள வித்தியாசமும் கண்ணை ஏமாற்றும். 35-ஐக் கழற்றி 42-ஐப் போட்டால் ஐந்தில் ஒரு பங்குதானே கூடுகிறது என்று தோன்றும். விட்டம்தான் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. நைட்ரஸ் போவது பரப்பின் வழியாக. பரப்பு 44 சதவீதம் கூடிவிடும். "ஒரு சைஸ் பெரிசாப் போடலாமே" என்ற ஆசை இன்ஜினைக் கொல்வது இந்தக் கணக்கினால்தான்.

ஜெட் எப்போதும் ஜோடியாகவே வரும்: நைட்ரஸுக்கு ஒன்று, பெட்ரோலுக்கு ஒன்று. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரஸ் என்றால் 9.6 கிலோ போதும். ஐம்பது குதிரைத்திறனுக்கு நைட்ரஸ் விநாடிக்குச் சுமார் 18 கிராம் போகிறது. அதற்கு ஈடான பெட்ரோல் குறைந்தது 2 கிராம் அளவுக்குக் கூடவே போக வேண்டும். நடைமுறையில் அதற்கும் மேலாகவே கொடுப்பார்கள். மிஞ்சிய பெட்ரோல் சக்தியைக் கொஞ்சம் குறைக்கும், சூட்டையும் குறைக்கும். குறைந்த பெட்ரோல் முதலில் சக்தியைக் கூட்டிக் காட்டிவிட்டுப் பிறகு பிஸ்டனின் ஓரத்தை உருக்கும். இன்ஜெக்டர்களே கூடுதல் பெட்ரோலைத் தரும்படி விடும் டிரை முறையும் உண்டு. சின்ன இன்ஜினுக்கு, பெட்ரோலும் நைட்ரஸும் ஒரே நாசிலில் சேர்ந்து வரும் வெட் முறையையே நான் விரும்புவேன். பெட்ரோல் எவ்வளவு என்பதும் ஒரு பித்தளைத் துளையாகக் கண்ணுக்குத் தெரிகிறதே.

அந்த நாசிலின் வாயில் நடப்பதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரு பக்கம் 900 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நைட்ரஸ். மறுபக்கம் வெறும் நாற்பத்துச் சொச்சம் பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் பெட்ரோல். இருபது மடங்கு பலமுள்ள நைட்ரஸ், பாயும் வேகத்தில் பெட்ரோல் தாரையைக் கிழித்துப் பனிப்புகையாக்கி விடுகிறது. இந்த நுண்மை இங்கே அலங்காரத்துக்காக இல்லை. சிவிக்கின் இன்டேக் மேனிஃபோல்டு காற்று மட்டும் போவதற்காக வடித்தது. பெட்ரோலை இன்ஜெக்டர்கள் வால்வுக்கு அருகில் தெளிக்கும். த்ராட்டிலுக்கு முன்னாலேயே பெட்ரோலைக் கலந்தால் அது மேனிஃபோல்டின் வளைவுகளைத் தாண்டி நான்கு சிலிண்டருக்கும் ஒரே அளவில் போய்ச் சேர வேண்டும். துளிகள் பெரிதாக இருந்தால் வளைவில் திரும்ப முடியாமல் சுவரில் மோதித் தேங்கும். தேங்கிய பெட்ரோலும் நைட்ரஸும் மேனிஃபோல்டிலேயே தீப்பற்றினால் அதுதான் பேக்ஃபயர், மேனிஃபோல்டையே பிளந்துவிடும். ஆகவே நாசிலை த்ராட்டிலுக்கு ஒரு சாணுக்குள், காற்றோட்டத்தின் நடுவில், வாய் த்ராட்டிலைப் பார்க்கும்படி வைப்பார்கள்.

சினிமாவில் பந்தயத்துக்கு முன் பானட்டிலிருந்து பீய்ச்சியடிக்கும் வெண்புகையும் இந்தக் கணக்கில் அடங்கும். டிக்கியிலிருந்து இன்ஜின் வரை வரும் நீண்ட குழாயில் முதலில் நிற்பது சூடேறிய ஆவி. அதை அப்படியே விட்டால் முதல் நொடியில் நைட்ரஸ் போதாமல் பெட்ரோல் மட்டும் நிறையப் போகும், இன்ஜின் தடுமாறும். ஒரு சின்ன சோலனாய்டு அந்த ஆவியை வெளியேற்றி, குளிர்ந்த திரவத்தை நாசிலின் வாசல் வரை அழைத்து வந்துவிடுகிறது. அதைப் பர்ஜ் என்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த நயத்துக்கு இப்போது வருகிறேன். ஜெட்டின் துளைக்கு இன்ஜினின் வேகம் தெரியாது. ஆர்.பி.எம். எதுவானாலும் விநாடிக்கு 18 கிராம்தான் அனுப்பும். 6,000 ஆர்.பி.எம்.மில் நான்கு சிலிண்டரும் சேர்ந்து விநாடிக்கு 200 முறை எரிகின்றன; ஒரு எரிதலுக்கு 0.09 கிராம் நைட்ரஸ் கிடைக்கும். 3,000-இல் எரிதல் நூறாகக் குறையும்; பங்கு 0.18 கிராமாக இரட்டிக்கும். 2,000-இல் 0.27 கிராம். சுழற்சி விசையில் சொன்னால் இன்னும் தெளிவாகும். இந்த இன்ஜினின் சொந்த டார்க், உச்சத்திலேயே 145 நியூட்டன் மீட்டர். ஐம்பது குதிரைத்திறன் என்பது 6,000 ஆர்.பி.எம்.மில் 59 நியூட்டன் மீட்டரைத்தான் கூட்டும். அது தாங்கக்கூடிய சுமை. 3,000-இல் 119. 2,000-இல் 178, இன்ஜின் தானாகத் தருவதைக் காட்டிலும் அதிகம். அதே பாட்டில், அதே ஜெட். மேல் வேகத்தில் நண்பன், கீழ் வேகத்தில் கனெக்டிங் ராடை வளைக்கும் பகைவன். 3,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே நைட்ரஸைத் திறக்காதே என்ற பழைய விதி இந்த வகுத்தல் கணக்கில் பிறந்தது.

தீப்பொறிக்கும் அளவு உண்டு. ஆக்சிஜன் செறிந்த கலவை விரைவாக எரியும். வழக்கமான நேரத்தில் பொறி விழுந்தால், பிஸ்டன் மேலே வந்து முடிவதற்குள் அழுத்தம் உச்சத்தை எட்டி அதை எதிர்த்து அடிக்கும். நாக்கிங், அதாவது கலவை காலம் தவறித் தானாகத் தீப்பிடிப்பது, அங்கிருந்து தொடங்கும். ஐம்பது குதிரைத்திறனுக்குச் சுமார் 2 டிகிரி தாமதம் போதும் என்பது பட்டறைக் கணக்கு. டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, டைமிங் லைட்டைக் காட்டிக்கொண்டே இம்மியளவு திருப்புவார்கள். 6,000 ஆர்.பி.எம்.மில் 2 டிகிரி என்பது விநாடியில் பதினெட்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை ஒரு மனிதன் தன் மணிக்கட்டின் அசைவில் பிடித்து நிறுத்துகிறான்.

பிளக்கிலும் இதே நிதானம். ஒன்றிரண்டு படி குளிர்ந்த ரக பிளக் போட வேண்டும், என்.ஜி.கே. பிளக் என்றால் எண் ஏற ஏறக் குளிர்ந்த ரகம். சூட்டை விரைந்து வெளியேற்றும் என்பதால் அதன் முனை செந்தணலாகிக் கலவைக்கு முன்கூட்டியே தீ வைக்காது. தொழிற்சாலை விடும் 1.1 மி.மீ. இடைவெளியை 0.8 அல்லது 0.9-ஆகக் குறுக்க வேண்டும். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி அணையாமல் தாண்ட அந்தக் குறுக்கம் உதவும். பெட்ரோல் கலிஃபோர்னியாவில் கிடைக்கும் 91 ஆக்டேன் பிரீமியம். அதற்குக் கீழே போகக் கூடாது.

இவ்வளவும் யாருக்காக? முக்கியமாக, பிஸ்டன் ரிங்குக்காக. முதல் ரிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே ஹோண்டா விடும் இடைவெளி 0.15 முதல் 0.30 மி.மீ. வரை. 75 மி.மீ. சிலிண்டரில் ரிங்கின் சுற்றளவு சுமார் 236 மி.மீ. அந்த உலோகம் சிலிண்டர் சுவரை விடக் கூடுதலாக 100 டிகிரி சூடானால் கால் மில்லிமீட்டர் நீளும். கணக்குப் போட்டுப் பாருங்கள், இருந்த இடைவெளி அநேகமாகத் தீர்ந்துவிட்டது. அதற்கு மேலும் சூடானால் முனைகள் ஒன்றையொன்று முட்டும்; ரிங் போக இடமில்லாமல் சுவரை இறுக்கும்; வார்ப்பு பிஸ்டனில் ரிங் உட்கார்ந்திருக்கும் விளிம்பு பெயர்ந்துவிடும். உள்ளே எதையும் மாற்றாமல் நைட்ரஸ் போட்ட இன்ஜின்கள் பல இப்படித்தான் இறக்கின்றன. 40 முதல் 60 என்ற எல்லைக்குப் பின்னால் நிற்கும் காரணங்களில் இந்தக் கால் மில்லிமீட்டர் காற்றிடமும் ஒன்று. எண்ணெய் குடிக்கும், கம்ப்ரஷன் சோதனையில் சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபாடு காட்டும் இன்ஜினுக்கு நைட்ரஸ் கூடவே கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. ஆரோக்கியமான இன்ஜினுக்கே இவ்வளவு குறுகிய இடம்தான் இருக்கிறது.

இத்தனை நிபந்தனைகளையும் காவல் காப்பவை சில மலிவான சுவிட்சுகள். டாஷ்போர்டில் ஒரு மெயின் சுவிட்ச். த்ராட்டில் முழுதாகத் திறந்தால் மட்டும் 'டிக்' என்று விழும் ஒரு மைக்ரோ சுவிட்ச். 3,000-க்கு மேல் விழித்து, வரம்பு வேகத்துக்கு முன்பே உறங்கிவிடும் ஆர்.பி.எம். விண்டோ சுவிட்ச். பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் விலகிக்கொள்ளும் பிரஷர் சுவிட்ச். நான்கையும் ஒரே தொடரில் கோத்து ரிலேயின் வழியாக இரண்டு சோலனாய்டுகளுக்கும் மின்சாரம் போகிறது. நான்கும் சம்மதித்தால்தான் திறக்கும். ஒன்று மறுத்தாலும் மூடும். கியர் மாற்றக் காலைத் தூக்கினால் நைட்ரஸ் நிற்கும். பெட்ரோல் பம்ப் சோர்ந்தால் நிற்கும். சிவிக்கின் கம்ப்யூட்டர், வேகம் எல்லை மீறினால் இன்ஜெக்டர்களின் பெட்ரோலை நிறுத்தும் பழக்கம் உள்ளது. அந்த நேரத்தில் நைட்ரஸ் பாய்ந்துகொண்டிருந்தால் விபரீதம். விண்டோ சுவிட்ச் அதற்கு முன்பே அதை நிறுத்தியிருக்கும். சோலனாய்டும் மின்சாரம் இல்லாதபோது மூடிக் கிடப்பதையே இயல்பாகக் கொண்டது. எதிலே தவறு நேர்ந்தாலும் முடிவு 'மூடு' என்பதாகவே அமையும்படி கோத்த கட்டமைப்பு இது. நான் நல்ல வடிவமைப்பு என்று சொல்வது இதைத்தான்.

ஓட்டம் முடிந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஓடி முடித்த கையோடு இன்ஜினை நிறுத்தி, ஓரமாகத் தள்ளிவந்து, பிளக்குகளைக் கழற்றி லென்ஸின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள் தேர்ந்தவர்கள். வெண்பீங்கான் சுத்தமாக இருந்தால் நலம். அதன் அடியில், உள்ளே ஆழத்தில், பெட்ரோல் விட்ட மெல்லிய கருவளையம் தெரிய வேண்டும். பீங்கானின் மேல் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெறித்திருந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. அவற்றினிடையே வெள்ளிப் பொடி மினுக்கினால் அது பிஸ்டனின் அலுமினியம்; இனி ஒரு ஓட்டம்கூடக் கூடாது. நான்கு பிளக்கும் ஒரே நிறமாக இருந்தால் கலவை நான்கு சிலிண்டருக்கும் சமமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும் வெளிறியிருந்தால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் போதவில்லை. எந்தக் கம்ப்யூட்டர் திரையும் காட்டாத நுணுக்கத்தை ஒரு சின்னப் பீங்கான் துண்டு எழுதி வைக்கிறது. படிக்கத் தெரிந்தவருக்கு அது போதும்.

பத்து பவுண்டு பாட்டில், இந்த அளவில், கணக்குப்படி 250 விநாடி தாங்கும். அழுத்தம் இறங்குவதால் நடைமுறையில் அதைவிடக் குறைவு. அந்தச் சில நிமிடங்களுக்காக இத்தனை ஏற்பாடு வேண்டுமா என்று கேட்கலாம். 127 குதிரைத்திறன் இன்ஜினுக்கு ஐம்பது என்பது ஐந்தில் இரண்டு பங்கு. உள்ளே ஓர் உதிரியைக்கூட மாற்றாமல், ஓட்டம் முடிந்ததும் பழையபடி அலுவலகத்துக்கு ஓட்டிப்போகும் காருக்கு அவ்வளவு சக்தியைக் கடன் வாங்கித் திருப்பித் தர முடிகிறது. ஏற்பாடு முழுவதும் சரியாக இருந்தால் மட்டும்.

இதில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். பொதுச் சாலையில் இதைத் தொடவே வேண்டாம். பந்தயத் தளம் இருக்கிறது, அங்கே போங்கள். கிடைக்கும் ஜெட்டுகளில் சிறியதில் தொடங்குங்கள். விண்டோ சுவிட்சையும் பெட்ரோல் பிரஷர் சுவிட்சையும் வாங்கக் காசு மிஞ்சவில்லை என்றால், மிஞ்சும்வரை பாட்டிலை வாங்காதீர்கள். கார்களுக்கு விற்கும் நைட்ரஸில் யாரும் முகர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே கந்தக டை ஆக்சைடு கலந்திருக்கிறார்கள். அதை விளையாட்டாகக்கூட மூக்கருகே கொண்டுபோக வேண்டாம். சோலனாய்டின் இருக்கையில் ஒரு தூசு சிக்கினாலே நின்றிருக்கும் இன்ஜினுக்குள் நைட்ரஸ் கசிந்து நிறைந்து, மறுமுறை ஸ்டார்ட் செய்யும்போது வெடிக்கும். குழாயில் ஃபில்டர் இருக்கட்டும். ஓட்டம் முடிந்த மறுகணமே பாட்டிலின் வால்வைக் கையால் இறுக்கி மூடிவிடுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அது திறந்திருக்கக் கூடாது.